சிரைக்குக் கப்ளர், தமனிக்கு நூல்: நுண் இரத்தக்குழாய்களை இணைப்பது எப்படி

2 மி.மீ. சிரையைக் கையால் தைக்க இருபது நிமிடமாவது ஆகும். இரு முனைகளையும் கோத்துச் சேர்க்கும் கப்ளர் என்ற வளையக் கருவியில் மாட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கப்ளரின் பெரிய லாபம் நேரமல்ல. சிரையின் சுவர் மெல்லியது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். தைக்கும்போது ஊசி பின்சுவரையும் சேர்த்துக் கோத்துவிடுவதுதான் வழக்கமான விபத்து. கப்ளரோ சுவரை வெளிப்புறமாக மடித்து விரித்துப் பிடிக்கிறது. உள்ளுறையும் (குழாயின் உட்புறப் படலம்) உள்ளுறையும் நேராகச் சேரும், இரத்தம் ஓடும் பாதையில் நூலே இருக்காது.

கருவியில் இரண்டு பாலிஎத்திலீன் வளையங்கள். ஒவ்வொன்றிலும் எஃகு ஊசிகளும் துளைகளும் மாறி மாறி வரும். ஒரு வளையத்தின் ஊசி மற்றதன் துளையில் இறங்கும். அளவு 1 முதல் 4 மி.மீ. வரை, அரை மி.மீ. இடைவெளியில் கிடைக்கும்.

அளப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இறுகிச் சுருங்கிய சிரையை அளந்தால் ஒரு அளவு சின்ன வளையம்தான் கைக்கு வரும். எனவே முதலில் குழாயைத் தளர்த்தும் மருந்தான பாப்பாவெரின் சொட்டு விட்டுத் தளர விடுங்கள், பிறகு அளவுகோலை வையுங்கள். இரு முனைகளும் வேறு அளவென்றால் சிறியதற்கேற்ற வளையம். பெரிய வளையத்தில் சின்னக் குழாயை இழுத்து மாட்டினால் உள்ளுறை கிழியும், அந்த இடத்தில் இரத்தம் உறையும்.

முனையிலுள்ள தளர்ந்த வெளியுறையை நறுக்கி நீக்கி, ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த சலைனால் கழுவுங்கள். முனையை வளையத்தின் வழியே இழுத்து, முதலில் 120 பாகை இடைவெளியில் மூன்று ஊசிகளில் மாட்டுங்கள், பிறகு நடுவிலுள்ளவை. ஒவ்வொரு ஊசியும் சுவரின் முழுத் தடிமனையும், முக்கியமாக உள்ளுறையையும், குத்தி வர வேண்டும். உள்ளுறை நழுவியிருந்தால் வளையம் மூடிய பிறகு தெரியவே தெரியாது. மற்ற முனையையும் இப்படியே மாட்டி, முறுக்கு இல்லையென்று பார்த்த பிறகே வளையங்களைச் சேர்க்கும் குமிழைத் திருகுங்கள். வளையங்கள் சேர்ந்ததும், கருவி அவற்றை வெளியே தள்ளுவதற்கு முன், ஹீமோஸ்டாட் என்ற இடுக்கியால் ஒருமுறை அழுத்திக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டால் வளையம் ஒரு பக்கம் வாய் திறக்கும்.

வளையம் விறைப்பானது, குழாய் தளர்வானது. அதனால் மடிப்பு விழுந்தால் வளையத்தின் விளிம்பை ஒட்டித்தான் விழும். தோலை மூடுமுன் குழாய் படுத்திருக்கும் வாக்கைப் பாருங்கள். தோல் மெல்லிய விரல் போன்ற இடங்களில் வளையம் கையில் தட்டுப்படும், வெளியே துருத்தவும் கூடும். தவறாக மாட்டிய கப்ளரைக் கழற்றித் திரும்ப மாட்ட முடியாது. வெட்டி எடுக்க வேண்டும், இரு பக்கமும் நீளம் போகும். நீளம் போதாவிட்டால் சிரை ஒட்டு (வேறிடத்திலிருந்து எடுத்த சிரைத் துண்டு) வைத்து இணைக்க வேண்டியதுதான்.

தமனிக்கு ஏன் இது ஒத்துவருவதில்லை? சுவர் தடிமனானது, மடித்தால் திமிறும். கதிர்வீச்சு பட்டதோ சுண்ணாம்பு படிந்ததோ என்றால் மடிக்கும்போதே வெடிக்கும். அங்கே நைலான் நூல்தான்: 2 மி.மீ. தாண்டினால் 9-0, 1 மி.மீ. அளவில் அதைவிட மெல்லிய 10-0. முதல் இரண்டு தையலை 120 பாகை இடைவெளியில் போட்டு இருபுறமும் இழுத்துப் பிடித்தால் பின்சுவர் தானாகத் தொங்கி விலகும். அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெல் 1902இல் வெளியிட்ட மூன்று முனைத் தையலின் வழிவந்த உத்தி இது. ஊசி சுவருக்குச் செங்குத்தாக நுழையட்டும். கடைசி இரண்டு மூன்று தையல்களை முடிச்சிடாமல் விட்டு, உள்ளே எட்டிப் பார்த்த பிறகு முடியுங்கள். குழந்தைகளிடம் தனித்தனித் தையலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு: குழாய் வளரும், வளையம் வளராது.

தமனியில் இரத்தத்தை நிறுத்தி வைத்த கிளாம்பைக் கழற்றும்போது இரத்தம் போகும் பக்கத்தை முதலில் திறந்து கசிவைப் பாருங்கள், பிறகு வரும் பக்கம். மெல்லிய கசிவு சில நிமிடத்தில் தானே நிற்கும். பீய்ச்சினால் அங்கே இன்னொரு தையல். ஓட்டத்தைச் சோதிக்க, இணைப்பைத் தாண்டி இரண்டு ஃபோர்செப்ஸால் பிடித்து, நடுப்பகுதியை வழித்துக் காலியாக்கி, இணைப்பை ஒட்டிய ஃபோர்செப்ஸை மட்டும் விடுவியுங்கள். உடனே நிரம்பினால் சரி. இதை மென்மையாக ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்ப நசுக்கினால் நல்ல உள்ளுறையும் கெடும்.