எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னம்

புது வீட்டு வாசலுக்குக் குடும்பச் சின்னம் ஒன்று வரைந்தோம். நாங்கள் திசையன்விளைப் பக்கம், தாத்தா பனையேறியவர். தேரி மணலின் சிவப்பை அடித்தளமாக வைத்து, நடுவில் பச்சைப் பனை, பக்கத்தில் பாளை அரிவாள், கலயம், கீழே நம்பியாறு. பாண்டியர் கயல் வேண்டாம் என்றேன். அது அரசர் அடையாளம், எங்கள் உழைப்புக்கு அரிவாளே போதும்.

தெருவிலிருந்து பார்த்தால் பனையே தெரியவில்லை. ஐரோப்பியக் கேடயச் சின்னங்களில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் தங்கம், வெள்ளி என்ற கணக்கில் உலோகம்; சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு, ஊதா எல்லாம் நிறம். நிறத்தின் மேல் நிறமோ, உலோகத்தின் மேல் உலோகமோ வைக்கக் கூடாது. சரி என்று பனையை மஞ்சளாக்கினோம், அரிவாளையும் கலயத்தையும் வெள்ளையாக்கினோம். ஆற்றுக்கு வெள்ளை, நீல அலைக்கோடுகள். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் ரப்பர் ஸ்டாம்ப். ஒரே மை, நிறத்தை எப்படிக் காட்டுவது? அதற்கும் அந்தக் கேடயச் சின்ன மரபில் வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது: சிவப்புக்கு நெடுக்குக்கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு, மஞ்சளுக்குப் புள்ளி, வெள்ளைக்கு வெற்றிடம். ஸ்டாம்ப் அளவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. இடைவெளியைக் கூட்டினோம், பனையோலைகளைக் குறைத்தோம். கலயம் மட்டும் பெரிதாகவே இருக்கிறது.