கடலை மொண்டு ஆறு என்று எழுதாதீர்கள்

போன ஞாயிறு, சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஒரு கல்லூரிக் குழுவைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே நிற டி-ஷர்ட், கையில் கழுவிய ஜூஸ் பாட்டில்கள். ஒரு பையன் முழங்கால் தண்ணீரில் இறங்கி பாட்டிலை அமுக்கினான். பாட்டில் குமிழி விட்டு நிரம்பியது, இன்னொருவன் போட்டோ எடுத்தான். சில வருடங்களுக்கு முன் நான் நின்ற அதே இடம், செய்த அதே தவறு. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கடற்கரையில் நின்று அறிவுரை சொல்லும் பெரிசு ஆகிவிட்டோமோ என்று கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கையுறை போடுங்கள், தனியாக ஆற்றில் இறங்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஆறு பாலத்தில் தொடங்குவதில்லை

அடையாறு என்றதும் திரு.வி.க. பாலமும் உடைந்த பாலமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெசன்ட் நகர் அலையில் கலக்கும் தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியாகப் புறப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று சுமார் 42 கிலோமீட்டர் வருகிறது. வழியில் யார் எதைக் கொட்டினாலும் கடைசியில் வந்து சேர்வது மீனவர் வலைக்குத்தான்.

கடற்கரையில் குப்பை பொறுக்குவதை நான் குறை சொல்லவில்லை, நானும் பொறுக்கியிருக்கிறேன். ஆனால் மழைநீர் வடிகாலுக்குள் யாரோ கழிவறைக் குழாயைச் சொருகியிருப்பதைக் கண்டுபிடித்து ஒரே ஒரு இணைப்பை அடைக்க வைத்தால், அது பல ஞாயிற்றுக்கிழமைக் குப்பைக்குச் சமம். என்ன, போட்டோ நன்றாக வராது.

ஏற்றமா, வற்றமா என்று பார்க்காமல் தண்ணீர் எடுப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை கழிமுகத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது என்று முடிவு செய்தோம். ஞாயிறு என்றால் ஆளுக்கொரு கல்யாணம், காதுகுத்து. பௌர்ணமி என்றால் யாரும் மறக்கமாட்டார்கள், எல்லார் வீட்டிலும் தினசரி காலண்டர் இருக்கிறது. ஆபீஸ் போவதற்கு முன், பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்கு என்று வைத்துக்கொண்டோம். அபாரமான யோசனை என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

எட்டு மாதம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. லேப் கட்டணம் எங்கள் கைக்காசு. ரிப்போர்ட் வர வர எங்களுக்கே குழப்பம். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் ஆறு, காகிதத்தில் சுமாரான தண்ணீராக இருந்தது. குளிக்கத் தகுந்த கடல்நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். எங்கள் தண்ணீர் ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் பாஸ்.

சரி, இருப்பதை இருப்பதுபோல் கொடுப்போம் என்று அந்த அட்டவணையை ஒரு கூட்டத்தில் வைத்தோம். மேலே இருக்கும் ஒரு வடிகாலில் இருந்து சாக்கடை வருகிறது, அதை அடைக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதிகாரி ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "உங்க கணக்குப்படியே தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, எழுதியது நாங்கள்.

அடுத்த பௌர்ணமியன்று வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன்தான் விஷயத்தை உடைத்தார். "தம்பி, வெள்ளம் உள்ள ஏறிக்கினு இருக்கு. நீ மொள்றது கடலு. அத ஆறுன்னு எழுதிக்கினு போறியா?"

"எட்டு மாசமா எடுக்கறோம்ணே."

"பாக்கறேனே. பௌர்ணமி ஆச்சே, ஏதோ பூஜைக்கு எடுக்கறீங்கன்னு நெனச்சேன்."

கணக்கு எளிதுதான். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையில் அது ஒரு சுற்று சுற்றி மறுபடி அதே மணிக்கு வந்து நிற்கும். சென்னைக் கரையில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் காலை எட்டு மணி வாக்கில் நல்ல ஏற்றம். அதாவது மாதத்தில் கடல் அதிகமாக உள்ளே வரும் நாளில், அது வந்து நிற்கும் மணியில், எட்டு மாதம் தவறாமல் போய்க் கடலை மொண்டு வந்திருக்கிறோம். ஒழுங்கு தவறியிருந்தால்கூடப் பிழைத்திருப்போம்.

பணம் போனது போகட்டும். அந்த அட்டவணை எங்கள் கையெழுத்தோடு ஏதோ ஒரு கோப்பில் இன்னமும் இருக்கிறது. அடுத்து வந்த இரண்டு கூட்டங்களிலும் அதை எடுத்து எங்களிடமே காட்டினார்கள். வற்றத்தில் எடுத்த புதிய கணக்கை ஒப்புக்கொள்ள வைக்க மேலும் ஒன்றரை வருடம் ஆனது. சும்மா இருந்திருந்தால் ஒன்றரை வருடம் முன்னதாக அந்த வடிகால் அடைபட்டிருக்கும் என்று தோன்றும்போதுதான் எரிச்சல்.

இப்போது நாங்கள் செய்வது இது. வற்றம் முடியப்போகும் கடைசி ஒரு மணி நேரத்தில் கழிமுகத்தில் எடுக்கிறோம். கடல் எட்டாத இடத்தில், எங்களுக்கு அது நந்தம்பாக்கத்துக்கு மேற்கே, அதே நாளில் இன்னொன்று. ஒவ்வொரு பாட்டிலுக்கும் உப்பை அளந்து எழுதுகிறோம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் வாக்கில் உப்பு இருக்கும். உங்கள் பாட்டில் 30 காட்டினால் நீங்கள் எடுத்தது ஆறு இல்லை. வீட்டில் கேன் தண்ணீரைப் பார்க்கும் டி.டி.எஸ். பேனாவை இதற்குக் கொண்டுவராதீர்கள், பெரும்பாலானவை லிட்டருக்குப் பத்தாயிரம் மில்லிகிராமுக்கு, அதாவது 10 கிராமுக்கு, முன்பே கைவிரித்துவிடும். இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் போதும், இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருப்பது.

இன்னொன்று, உப்புத் தண்ணீர் கனம். ஆற்றுநீர் மேலே மிதந்து வர, கீழே கடல் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் அதுவும் வீண்தான். கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிட்டால் ஏற்றமும் கிடையாது வற்றமும் கிடையாது, வெறும் குட்டை. அதனால் தாளில் முதல் வரியே "வாய் திறந்திருக்கிறதா?" என்று வைத்திருக்கிறோம்.

குலுங்கிய பாட்டில்

அரை பாட்டில் தண்ணீரை பைக்கில் வைத்துச் சைதாப்பேட்டை சிக்னல் வரை குலுக்கிக்கொண்டு போனால் சாக்கடைக்கும் ஆக்சிஜன் ஏறும். காற்றுக்குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, ஆக்சிஜனை மாறாமல் பிடித்துவைக்கும் ரசாயனத்தை அங்கேயே விட்டு மூடிவிட வேண்டும். விடியற்காலையில் எடுத்ததையும் மதியம் எடுத்ததையும் ஒப்பிடவும் கூடாது. வெயில் ஏறியபின் பாசி ஆக்சிஜன் விடும், இரவெல்லாம் அதையே தின்னும்.

மலக் கிருமிச் சோதனை

கொதிநீரில் கழுவியது போதாது, லேப் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான். ஐஸ் பெட்டி. ஆறு மணி நேரத்துக்குள் லேப். முடியாதென்றால் எடுக்காதீர்கள்.

நல்ல நாள் பார்த்து மட்டும் வருவது

வெயிலடிக்கும் நாளில் எல்லாரும் வருவார்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழைக்கு மறுநாள் யாரும் வருவதில்லை. பல மாதங்களாகத் தெருவிலும் வடிகாலிலும் சேர்ந்த எண்ணெய், சாணி, கழிவு எல்லாம் அன்றைக்குத்தான் ஒரே மூச்சில் இறங்கும், அடியில் கிடந்த கறுப்புச் சேறும் கிளறிக்கொண்டு எழும். ஆக்சிஜன் விழுந்து, மடவை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையெங்கும் மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்தான் லீவு போட முடியும் என்றால் அந்த நாளுக்குப் போடுங்கள்.

யாருக்கு மனு

மழைநீர் வடிகால் மாநகராட்சி. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியம். ஆறும் ஏரியும் நீர்வளத் துறை. ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மூடியைத் திறந்து எந்தக் குழாய் என்று பார்க்காமல் எழுதிய மனு நான்கு மேசையும் சுற்றி உங்களிடமே திரும்பும்.

கரையோரக் குடிசைகளைக் கை காட்டுவது

செய்யாதீர்கள். இரவு பன்னிரண்டுக்கு மேல் எந்த அடுக்குமாடியிலிருந்து கிளம்பும் கழிவுநீர் லாரி எந்த வடிகால் மூடி அருகே நிற்கிறது என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

கண்ட சேற்றிலும் அலையாத்தி மரம் நடுவது

வெறும் சேறு என்று நீங்கள் நினைப்பது உள்ளான் பறவைகளின் சாப்பாட்டுத் தட்டு.

பாட்டிலில் மார்க்கர்

ஐஸ் உருகினால் மை போகும். ஏழு பாட்டில், ஏழும் பெயரில்லாமல் லேப் மேசையில் நின்றிருக்கின்றன, நாங்களும் நின்றிருக்கிறோம். பேப்பர் டேப்பில் பென்சிலால் எழுதுங்கள்.

அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வருகிற அமாவாசையன்று மதியம் இரண்டு மணி வாக்கில் வற்றம். உடைந்த பாலத்தருகே இருப்போம். தொப்பி கொண்டுவாருங்கள், அங்கே நிழல் கிடையாது.