ஜெபிக்கத் தைரியம் வர நான் சொல்லிக்கொடுப்பது

"ஜெபிக்கிறேன் அக்கா, அவர் கேட்கிறாரான்னுதான் தெரியலை." பாளையங்கோட்டையில் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்றில்லை. பால் பொங்குவதற்குள் அடுப்படியில் நின்றபடியே தொடங்குங்கள்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தேதி போட்டு விண்ணப்பம். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். "மாமியாரிடம் இன்று சுருக்கென்று பேசாமல் இருக்கணும்", "மகனுக்குப் பின்னக் கணக்கு புரியணும்" என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். நடந்ததை அங்கே குறியுங்கள். கேட்டதற்கு மாறாக நடந்ததையும்தான். அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

மனம் வறண்ட நாளில் வேதாகமத்தில் 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறார், கடைசியில் பாடுகிறார். சந்தேகத்தை மறைக்கவும் வேண்டாம். மாற்கு 9:24இல் பிள்ளைக்காக வந்த தகப்பன் விசுவாசிக்கிறேன் என்கிறான், அதே மூச்சில் தன் அவிசுவாசம் நீங்க உதவி கேட்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

கண்ணீர் வந்தால்தான் ஜெபம் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. 1 யோவான் 5:13, 14 இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். அவருடைய சித்தத்தின்படி எதைக் கேட்டாலும் அவர் செவிகொடுக்கிறார் என்கிறது 14ஆம் வசனம். "அவருடைய சித்தத்தின்படி" என்ற இடத்தை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே பிதாவின் சித்தப்படி ஆகட்டும் என்றுதான் ஜெபித்தார்.

இன்னொன்று: ஜெபிக்கிறோம் என்று சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.