கல்லீரல் நோயாளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கும்போது: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் '625' என்று சொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்து, மூன்றாவது வாரத்தில் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லியோடு வந்தார் அத்தை. காரணம் அந்த மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லி, இனி அது கூடாது என்று எழுதியும் கொடுத்தார். போன மாதம் பல்வலிக்கு அதே மருந்து வேறு பெயரில் வீட்டுக்கு வந்தது. ஒரு மாத்திரை உள்ளே போன பிறகே கவனித்தேன்.

1. டாக்டர் பேனாவை எடுக்கும் முன்பே கல்லீரல் நோயைச் சொல்லிவிடுங்கள், பல் டாக்டரிடமும். கடைசியாக எடுத்த கல்லீரல் பரிசோதனை, கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) முடிவுகளைக் காட்டுங்கள். நோய் முற்றியவர்களுக்கு மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக்குகளின் அளவைக் குறைப்பார்கள். அந்தக் கணக்கு அவருடையது. வீட்டில் நாமாக மாத்திரையைப் பாதியாக உடைக்கக் கூடாது.

2. நான் சறுக்கியது இங்கே. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்: அமாக்ஸிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. கூட்டினால் 625. கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்தாலும் சரக்கு ஒன்றுதான். திருமங்கலத்துக் கடையில் ஆறு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். பொடி எழுத்தில் பாதி கடையிலேயே தங்கிவிட்டது. இப்போதெல்லாம், "அண்ணே, முழு அட்டையைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் படித்த பிறகுதான் வெட்டவே விடுகிறேன். சந்தேகம் வந்தால் டாக்டருக்கு போன்.

3. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். செயலிகளை நான் நம்புவதில்லை. அப்பாவுக்குக் கைப்பேசியைத் திறக்கவே வராது.

4. கடையில் பொட்டலமாகத் தரும் 'செட் மாத்திரை' வேண்டவே வேண்டாம். அதில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருந்தால் சிரோசிஸ்காரர்களின் சிறுநீரகம் கெடலாம்.

5. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, உடம்பு அரிப்பு, வெளிறிய மலம், மந்தமான பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். கண்ணைக் காலை வெளிச்சத்தில், திண்ணையில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் மஞ்சள் சரியாகத் தெரியாது. கிளாவுலானிக் அமிலத்தின் பாதிப்பு மாத்திரையை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வரும். நாட்காட்டியில் ஆறு வாரம் குறித்து வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: காசநோய் மாத்திரைக்கும் இது பொருந்துமா என்று மேலூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ஆரம்பிக்கும் முன்பே கல்லீரல் நோயைச் சொன்னால் மருந்துகளை மாற்றி அமைப்பார்கள், இரத்தப் பரிசோதனையும் அடிக்கடி எடுப்பார்கள். கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.