மார்பகப் புற்றுநோய் ஆரம்ப நிலையா? ரிப்போர்ட்டை வாசிக்கும் முறை

ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்று பார்த்ததும் மூன்றாம் ஸ்டேஜ் என்று நினைத்து உடைந்துபோகிறவர்கள் பலர். இரண்டும் வேறு. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். செல்களின் குணம் எப்படி என்பது கிரேடு. ஒரு சென்டிமீட்டர் கட்டிக்கும் கிரேடு 3 வரலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி பயாப்சியில் கட்டியின் முழு அளவு தெரியாது. ‘டி’ என்பது கட்டியின் அளவு, ‘என்’ என்பது நெறிக்கட்டிகளின் நிலை. இந்த எழுத்துகளுக்கு முன்னால் ‘பி’ இருந்தால் வெட்டியெடுத்து அளந்தது, ‘சி’ இருந்தால் ஸ்கேனும் கைப்பரிசோதனையும் சொன்னது, ‘ஒய்பி’ என்றால் கீமோவுக்குப் பிறகு அளந்தது.

2 செ.மீ. வரை டி1. அதற்கு மேல் 5 செ.மீ. வரை டி2. ஊடுருவிய பகுதியின் அளவு மட்டுமே கணக்கு. பால்குழாய்க்குள் அடங்கிய பகுதியைச் சேர்க்கக் கூடாது. இரண்டு கட்டிகள் இருந்தால் பெரியதை எடுங்கள், கூட்டாதீர்கள். அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் இல்லையென்றால் என்0, ஒன்று முதல் மூன்றில் இருந்தால் என்1.

கிரேடுக்கு மூன்று மதிப்பெண்கள்: குழாய் அமைப்பு, உட்கருவின் தோற்றம், செல் பிரியும் வேகம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3. கூட்டினால் 3–5 கிரேடு 1, 6–7 கிரேடு 2, 8–9 கிரேடு 3.

இனி வருவதுதான் சிகிச்சையையே தீர்மானிக்கும் பகுதி. ஈ.ஆர்., பி.ஆர். என்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள். 1 சதவீத செல்களில் இருந்தாலே பாசிட்டிவ், ஆனால் ஈ.ஆர். 1–10 சதவீதம் என்றால் ‘குறைந்த பாசிட்டிவ்’, ஹார்மோன் மாத்திரையின் பலன் அங்கே அவ்வளவு உறுதியில்லை. செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ வந்தால் முடிவு இன்னும் வரவில்லை என்றே பொருள். ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றையும் திசுவில் சாயமேற்றித்தான் பார்க்கிறார்கள். இந்தச் சாயப் பரிசோதனை பொய் சொல்வதும் உண்டு. வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்குள் போக வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். பெரிய திசுவைக் கீறாமல் அப்படியே போட்டால் ஃபார்மலின் உள்ளே இறங்காது, ஈ.ஆர். இருந்தும் இல்லையென்று வரும். கிரேடு 1 கட்டிகள் பெரும்பாலும் ஈ.ஆர். பாசிட்டிவாகவே இருக்கும். ஆகவே அதில் ஈ.ஆர். நெகட்டிவ் என்றால் சந்தேகப்படுங்கள். திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கை வாங்கி வேறு லேபில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். அந்த பிளாக்கைத் தொலைத்துவிடாதீர்கள்.

2018 முதல் நடைமுறையில் உள்ள ஏ.ஜே.சி.சி. என்ற அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு ஸ்டேஜ் முறை இவை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. கீமோவுக்கு முன்பே அறுவை சிகிச்சை செய்தவர்களில், 3 செ.மீ., என்0, கிரேடு 1, ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்றால் ஸ்டேஜ் 1ஏ. மூன்றுமே நெகட்டிவான கிரேடு 3 கட்டி 1.5 செ.மீ.தான் இருந்தாலும் 1பி. அளவை மட்டும் வைத்துப் பயப்படுவதும் நிம்மதியடைவதும் தவறு என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நோய் திரும்பும் காலமும் வகைக்கு வகை மாறும். மூன்றும் நெகட்டிவ் என்றால் ஆபத்து பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில். அதைத் தாண்டினால் வெகுவாகக் குறையும். ஈ.ஆர். பாசிட்டிவில் ஆபத்து மெதுவானது, ஆனால் பத்து ஆண்டுக்குப் பின்னும் நீளும். ஹார்மோன் மாத்திரையை 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு தருவது அதற்காகவே. மூட்டுவலி தாங்கவில்லையென்று தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால், வேறு மாத்திரைக்கு மாற்ற வழியிருக்கிறது.