இலவம்பஞ்சு மெத்தைக்கு நாடா வைத்த விரிப்பு: வீட்டிலேயே தைப்பது எப்படி?

கடைகளில் எலாஸ்டிக் வைத்துத் தொங்கவிட்டிருக்கும் மெத்தை விரிப்புகள் ஃபோம் மெத்தைக்கும் ஸ்பிரிங் மெத்தைக்கும் தைத்தவை. அந்த மெத்தைகளுக்கு மூலை சதுரம், உயரம் எல்லாப் பக்கமும் ஒன்று. நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கிற இலவம்பஞ்சு மெத்தை அப்படியா இருக்கிறது? நடுவில் மேடு, ஓரத்தில் தாழ்வு, மூலை உருண்டை. நீள அகலமும் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலின் கணக்கு. ரெடிமேட் விரிப்பைப் போட்டால் ஒரு மூலை மாட்டினால் எதிர்மூலை கழன்றுவிடும். சாதாரண விரிப்பைச் செருகி வைத்தாலோ, விடியும்போது அது சுருண்டு காலடியில் கிடக்கும்.

தைத்துவிடலாம். நேர்த்தையல் ஓட்டத் தெரிந்தால் போதும். பாபின் சுற்றவும் ஊசியில் நூல் கோர்க்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

துணி

கடையில் முதலில் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைக் கேளுங்கள், விலையை அப்புறம் கேட்கலாம். சட்டைத் துணி, பிளவுஸ் துணி எல்லாம் 36, 44 இஞ்சு பன்னாவில் வரும். மெத்தை விரிப்புக்கு அது பத்தாது. "அண்ணாச்சி, 90 இஞ்சு பன்னாவுல காட்டன் இருக்கா?" என்று கேட்டால் விரிப்புத் துணியை எடுத்துப் போடுவார். நூறு சதவீதம் பருத்தியாக எடுங்கள். பாலியஸ்டர் கலந்தது சுருங்காது, சாயம் போகாது, இஸ்திரி வேண்டாம் என்பார்கள். எல்லாம் சரிதான். சித்திரை மாத ராத்திரியில் திருநெல்வேலியில் அதில் படுத்துப் பார்த்தால் தெரியும்.

ஆடித் தள்ளுபடியில் எடுத்தால் காசு மிஞ்சும். அதற்கு முந்தின மாதம், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டச் சமயத்தில் மட்டும் திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் துணி எடுக்கப் போக வேண்டாம், நிற்கக்கூட இடம் இருக்காது.

புதுத் துணி வாங்காமலும் செய்யலாம். பீரோவில் மடித்து வைத்த 90க்கு 108 டபுள் விரிப்பு இருந்தால் அதுவே போதும். பலமுறை துவைத்த துணி என்பதால் இனிமேல் பெரிதாகச் சுருங்காது. முதல்முறை தைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

புதுத் துணி என்றால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும். மீட்டருக்கு இரண்டு இஞ்சு வரை சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு எடுப்பது

இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெத்தையைக் காலையில் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) போட்டு, மத்தியானம் ஒரு தடவை புரட்டிப் போட்டு, சாயங்காலம் எடுத்து வந்த கையோடு அளக்க வேண்டும். வெயில் பட்டதும் இலவம்பஞ்சு உப்பிக்கொள்ளும். பல நாள் படுத்து அமுங்கிய மெத்தையை அளந்து தைத்தால், அடுத்த முறை வெயிலில் போட்டு எடுத்ததும் விரிப்பு ஏறாது. பெரிய அளவுக்குத் தைத்து நாடாவில் இழுத்துக்கொள்ளலாம். சின்னதாகத் தைத்ததை என்ன செய்ய முடியும்?

நீளம் தனி, உயரம் தனி என்று அளந்து கூட்டாதீர்கள். பஞ்சு மெத்தைக்கு உயரம் எது? ஓரத்தில் நாலு இஞ்சு, ஒரு சாண் உள்ளே தள்ளி ஆறு இஞ்சு. அதனால் டேப்பை மெத்தைக்கு மேலேயே ஓட்டுங்கள். தலைமாட்டுப் பக்க அடி விளிம்பில் ஒருவர் பிடித்துக்கொள்ள, டேப் மேலேறி, மேட்டைத் தாண்டி, கால்மாட்டுப் பக்கம் இறங்கி, அங்கே அடி விளிம்பைத் தொட வேண்டும். அமுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. அகலத்துக்கும் இப்படியே, ஆனால் நடுவில் எடுங்கள். மேடு அங்கேதான்.

வந்த அளவோடு ஒவ்வொரு பக்கமும் 5 இஞ்சு சேர்க்க வேண்டும். மெத்தைக்கு அடியில் மடங்க 4, நாடா கோர்க்கிற மடிப்புக்கு, அதாவது நாடாப் பட்டிக்கு 1. உதாரணமாக டேப் நீளத்தில் 83, அகலத்தில் 59 காட்டினால், வெட்ட வேண்டிய துணி 93க்கு 69. இதற்கு 90 பன்னாவில் இரண்டேமுக்கால் மீட்டர் எடுங்கள். கணக்குக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கடையில் கத்தரிக்கிற ஓரம் பெரும்பாலும் கோணலாக இருக்கும், அதை நேராக்கவே இரண்டு மூன்று இஞ்சு போய்விடும். பக்கத்தில் மிஞ்சுகிற பட்டையில் குழந்தைத் தலையணைக்கு உறை தைக்கலாம்.

நேராக்குவதற்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டாம். ஓரத்தில் அரை இஞ்சு கத்தரித்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தால் இழைப் போக்கிலேயே நேராகக் கிழியும். சத்தம் பயமாக இருக்கும், பயப்படாதீர்கள்.

மூலை

துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி மெத்தை மேல் விரித்து, நாலு பக்கமும் ஒரே அளவு தொங்குகிறதா பாருங்கள். இப்போது மெத்தையின் ஒரு மூலையைக் கட்டிலுக்கு வெளியே ஒரு சாண் இழுத்துவிடுங்கள், துணி தாராளமாகத் தொங்கட்டும். மூலையில் மிஞ்சுகிற துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, மெத்தையின் மூலை எப்படி வளைகிறதோ அதே வளைவில் மேலிருந்து கீழாக ஊக்கு குத்திக்கொண்டே வாருங்கள். மெத்தை முடிந்த பிறகு துணியின் கீழ் ஓரம் வரை நேராக இறங்க வேண்டும். குண்டூசி வேண்டாம், பஞ்சுக்குள் ஒன்று போய்விட்டால் தேடி எடுக்க முடியாது.

நாலு மூலையும் ஆனதும் ஊக்கு வரிசை மேலேயே சாக்பீஸால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, கை ஊசியில் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போடுங்கள். ஊக்கை எடுத்துவிட்டு, விரிப்பைக் கழற்றி நல்ல பக்கமாகத் திருப்பி மெத்தையில் மாட்டிப் பாருங்கள். இழுக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா? இப்போது மாற்றினால் நூல்தான் செலவு.

திருப்தியாக இருந்தால் கோட்டிலிருந்து அரை இஞ்சு வெளியே விட்டு மிச்சத் துணியை வெட்டிவிடுங்கள். ஓட்டுத் தையலைப் பிரித்துவிட்டு மிஷினில் இரண்டு தையல். முதல் தையல் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி, ஓரத்திலிருந்து கால் இஞ்சில். பிசிறைப் பாதியாக நறுக்கிவிட்டு, துணியை உள்பக்கமாகத் திருப்பி, மடிப்பை விரலால் நீவி, மறுபடி கால் இஞ்சில் அடுத்த தையல். இப்போது அது சாக்பீஸ் கோட்டின் மேலேயே ஓடும். பிசிறு உள்ளே மாட்டிக்கொள்வதால் ஓவர்லாக் கடைக்குப் போகத் தேவையில்லை. தையல் எப்போதும் மேல் நுனியில், மடிப்பில் ஆரம்பித்துக் கீழே வரட்டும். ஆரம்பத்தில் இரண்டு தையல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அதை விட்டால் சரியாக மெத்தை மூலையில் ஒரு ஓட்டை விழும், துவைக்கத் துவைக்க அது பெரிதாகும்.

மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் கைக்கடக்கமாக வரும் குட்டி மின்சார மிஷின்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இவ்வளவு பெரிய துணியை இழுக்கும்போது மிஷினும் சேர்ந்து வரும். ஆச்சி வைத்திருந்த கால் மிஷின் மூலையில் கிடந்தால் எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி எடுங்கள். ஊசி 14 நம்பர் போதும், பல மடிப்பு சேரும் இடத்துக்கு 16. நூல்கண்டு என்றாலே இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விக்கிரமசிங்கபுரத்து மில் ஞாபகம் வரும். பாசத்துக்காகப் பருத்தி நூல் வாங்கிவிடாதீர்கள், இதற்குப் பாலியஸ்டர் நூல்தான் தாங்கும்.

நாடாப் பட்டி

கீழ் ஓரத்தைக் கால் இஞ்சு மடித்து, மறுபடி முக்கால் இஞ்சு மடித்து, சுற்றிவர அடித்துவிடுங்கள். கால்மாட்டுப் பக்கம் நடுவில் மட்டும் இரண்டு இஞ்சு தைக்காமல் விட வேண்டும். பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலவே ஊக்கில் மாட்டி உள்ளே விட்டு, சுற்றி வந்து வெளியே எடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு 7 மீட்டர் நாடா ஆகும்.

எலாஸ்டிக் பிடித்தவர்கள் அதே வாயில் எலாஸ்டிக்கைக் கோர்க்கலாம், 4 மீட்டர் போதும். என் கட்சி நாடாதான். பஞ்சு மெத்தையை அடிக்கடி வெயிலில் போட வேண்டும், அதனால் விரிப்பை அடிக்கடி கழற்ற வேண்டும். நாடாவில் போட்ட சுருக்கு முடிச்சை இழுத்தால் கழன்றுவிடும். எலாஸ்டிக் நம் ஊர் வெயிலில் கொடியில் காய்ந்து காய்ந்து சீக்கிரமே தொய்ந்துபோகும்.

கோடையில் மெத்தை மேல் பத்தமடைப் பாயை விரித்துப் படுக்கிறவர்களுக்கும் இது நல்லது. கீழே விரிப்பு நகராததால் பாயும் அவ்வளவாக நழுவாது.

பிறகு சேர்த்தது

இதைப் பார்த்துத் தைத்த மதினி, "மூலை நாலும் பூனைக்காது மாதிரி நட்டுக்கிட்டு நிக்கி" என்று போன் போட்டார். மெத்தை மூலை ரொம்ப உருண்டையாக இருந்தால் அப்படி வரும். பிரிக்க வேண்டாம். விரிப்பை உள்பக்கமாக மாட்டி, மேல் இரண்டு இஞ்சில் மட்டும் கூடுதலாக இருப்பதைக் கிள்ளி, தையலுக்கு உள்ளே வளைவாக இன்னொரு தையல் ஓட்டி, பழைய தையலோடு சேர்த்துவிடுங்கள்.

பட்டி அடிக்கும்போது மூலைத் தையலைத் தாண்டுகிற இடத்தில் ஊசி உடைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அங்கே மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள்.

தலையணை உறை கேட்டவர்களுக்கு: 24க்கு 16 தலையணைக்கு 56 இஞ்சு நீளம், 17 இஞ்சு அகலத் துணி வேண்டும். இரண்டு முனையையும் மடித்து அடித்து, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி, ஆறு இஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு மடித்து, பக்கங்களைத் தைத்துத் திருப்பினால் முடிந்தது. பட்டனும் வேண்டாம், ஜிப்பும் வேண்டாம். 36 பன்னாவில் ஒன்றேமுக்கால் மீட்டர் எடுத்தால் இரண்டு உறை வரும்.

வள்ளியூரிலிருந்து ஒருவர் ஃபோம் மெத்தைக்குக் கணக்குக் கேட்டார். அதற்கு ஊக்கு வேலை தேவையில்லை. உயரத்தோடு 5 இஞ்சைக் கூட்டி, நீள அகலத்தில் ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு துணி விடுங்கள். 5 இஞ்சு மெத்தைக்கு 10 வரும். நாலு மூலையிலும் சதுரம் வெட்ட வேண்டியது 10 அல்ல, ஒன்பதரை. அந்த அரை இஞ்சு தையலுக்குப் போய்விடும். முழுப் பத்தும் வெட்டினால் விரிப்பு நீளத்திலும் அகலத்திலும் ஒரு இஞ்சு குறைந்துவிடும், ஃபோம் மெத்தை அந்த ஒரு இஞ்சுக்கு வளைந்து கொடுக்காது.