வீட்டுக் கல்விக்குக் கணிதப் பாடத்திட்டம்: புத்தகம் வாங்குவது கடைசிப் படி

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க முடிவு செய்யும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் புத்தகம்தான் வாங்குகிறார்கள். தங்கச்சிமடத்தில் எங்கள் மகளுக்காக நாங்களும் ஒரு பெட்டி நிறைய வாங்கினோம். அதில் பாதியை இன்னும் பிரிக்கவே இல்லை.

முதல் படி, பிள்ளை பின்னாளில் எந்தத் தேர்வை எழுதும் என்று யோசித்து வைப்பது. பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் உள்ள மூன்று நிலைகள் முறையே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையானவை; அதன் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது அதற்குரிய பாடநூலைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும். எட்டு வயதில் அந்த நெருக்கடி இல்லை.

இரண்டாம் படி, வயதை விட்டுவிட்டு நிலையைப் பார்ப்பது. 503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொல்லி, விடையைவிட அது வந்த வழியைக் கேளுங்கள்.

மூன்றாம் படிதான் முக்கியமானது. பின்னம் என்ற ஒரே பாடத்தைத் தமிழ்நாடு அரசுப் பாடநூல், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நூல், சிங்கப்பூர் முறை நூல் ஆகியவற்றில் அடுத்தடுத்துப் படியுங்கள். முதல் இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூர் முறை பொருளில் தொடங்கி, படத்துக்குச் சென்று, அதன் பிறகே எண்குறிக்கு வருகிறது. இந்த வரிசை ஏன் தேவை என்பது, எங்கள் மகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய அன்று எங்களுக்குப் புரிந்தது. பன்னிரண்டு விரல் நீளத்தில் ஒரு பனையோலை நறுக்கை வெட்டிக் கொடுத்தோம். பாதி ஆறு விரல், மூன்றில் ஒன்று நான்கு விரல், ஆகப் பத்து. "அம்மா, 2/5 பாதியவிடக் கம்மியாச்சே, கூட்டுனா எப்படிக் குறையும்?" என்று அவளே கேட்டுவிட்டு, 10/12 என்று திருத்தினாள். அது 5/6 என்பது மறுநாள் பாடம். (மீன் கூறுகளைப் பின்னத்துக்கு உதாரணமாகக் காட்டாதீர்கள், கண்ணளவில் போடும் கூறு எந்த நாளிலும் சமமாக இருந்ததில்லை.)

நான்காம் படியாக, பிடித்த நூலின் ஒரு பாடத்தை மூன்று வாரம் நடத்திப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் தமிழில் விளக்கும் பாட்டியாக இருந்தால், டாலர் கணக்குகள் நிறைந்த ஆங்கில நூல் எவ்வளவு சிறந்ததாயினும் அவருக்குச் சுமைதான். அரசு நூலை வைத்துக்கொண்டு ஓலை நறுக்கைச் சேர்த்துக்கொள்வதே மேல்.

அதற்குப் பிறகும் வாங்க வேண்டுமென்றால், ஒரே ஒரு நிலைக்குரிய நூலையும் ஆசிரியர் கையேட்டையும் மட்டும் வாங்குங்கள்.